பல் வலிதானே என்றாய், அண்ணா

என் ஆசை அண்ணாவுக்கு,

நீ போய் மறு ஆவணியும் வந்துவிட்டது. வடபழனியில் கல்யாண மண்டபங்கள் எல்லாம் மறுபடி நிரம்பிவிட்டன. உன் மேடை அலங்கார வேலையை இப்போது அண்ணிதான் எடுத்து நடத்துகிறார். பூக்காரரோடு பேரம் பேசுவதில் உன்னை மிஞ்சிவிட்டார் என்று உன் ஆட்களே சொல்கிறார்கள்.

உன் கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்த அன்று நான் அசோக் நகரில் உன் வீட்டில்தான் இருந்தேன். டாக்டரிடம் போகச் சொன்னேன். "பல்லு வலிதானே, இன்னா இப்போ? முகூர்த்தமெல்லாம் முடியட்டும்" என்றாய். கிராம்பை அடக்கிக்கொண்டாய். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினாய். சர்க்கரையும் உனக்குக் கட்டுக்குள் இல்லை. தாடை வீங்கியது. வீக்கம் கழுத்துக்கு இறங்கியது. ஒரு காலையில் உன்னால் எச்சில்கூட விழுங்க முடியவில்லை. மூச்சு இழுத்தது. அண்ணியும் நானும் ஆட்டோவில் உன்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனோம். பல்லில் வைத்த சீழ் கழுத்தையும் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். தொண்டையில் குழாய் போட்டார்கள். அதற்குப் பிறகு உன் குரலை நாங்கள் கேட்கவே இல்லை.

துக்கம் கேட்க வந்த ஒருவர், "பல்லு வலியில யார்னா சாவாங்களா?" என்றார். பொல்லாத மனுஷர் இல்லை. நம்ப முடியாமல்தான் கேட்டார். ஆனால் அண்ணி அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஹார்ட் அட்டாக் என்றே சொன்னார். உன் சாவை யாரும் அற்பமாகப் பேசுவதை அவரால் தாங்க முடியவில்லை. உன் மகள் பவித்ராவும் அப்படியே சொல்லப் பழகிக்கொண்டாள். பல் என்ற பேச்சே அந்த வீட்டில் இல்லாமல் போயிற்று. உனக்கு அது வருத்தமாக இருந்ததா, அண்ணா?

பொங்கல் கழிந்து பவித்ரா மயிலாப்பூருக்கு என் வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டை ஒரே பக்கமாக மென்றாள். ஜில்லென்று தண்ணீர் குடித்ததும் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"எவ்ளோ நாளா வலிக்குது?" என்று கேட்டேன்.

"தீபாவளிலேர்ந்து, அத்தை. அம்மாகிட்ட சொல்லாதீங்க. பல்லுன்னாலே அம்மா அழுவுது."

அவள் கைப்பையில் நீ போட்டுக்கொண்ட அதே வலி மாத்திரை அட்டை.

அன்று மாலையே அவளை அழைத்துக்கொண்டு அண்ணியிடம் போனேன். அண்ணி சம்மதிக்கவில்லை. "அவர இட்டுனு போனோமே, திரும்பி வந்தாரா? இவள நான் அனுப்ப மாட்டேன்" என்றார்.

"இட்டுனு போனதால போகல அண்ணி. லேட்டா போனதாலதான் போனாரு."

பவித்ரா மெதுவாகக் கேட்டாள். "நானும் அப்பா மாதிரி ஆயிடுவேனாம்மா?"

அண்ணி எழுந்து செருப்பைத் தேடினார்.

அபிராமபுரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் போனோம். சின்ன வயதுப் பெண்தான். வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று விசாரித்துக்கொண்டே வந்தவர், அப்பாவைப் பற்றிக் கேட்டார். "இறந்துட்டாரு. ஹார்ட் அட்டாக்" என்றாள் பவித்ரா.

"இல்ல டாக்டர்" என்றார் அண்ணி. "நான்தான் அப்டி சொல்லி வச்சேன். பல்லுல சீழ் வச்சுதான் அவரு செத்தாரு."

அந்தப் பெண் ஆச்சரியப்படவில்லை. "அப்படி ஆகும்மா. சர்க்கரை இருந்தா சீக்கிரமாவே ஆகும்" என்றார். அவ்வளவுதான். தன்னை ஒருவர் நம்பிவிட்டார் என்றதும் அண்ணி அங்கேயே உடைந்து அழுதார். உன்னைக் கொண்டுபோன நாளில்கூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

பவித்ராவின் பல்லைப் பிடுங்கவில்லை. வேர் சிகிச்சை செய்து காப்பாற்றிவிட்டார்கள். பிறகு அண்ணியையும் நாற்காலியில் உட்காரச் சொன்னார் டாக்டர். அண்ணி வாயைத் திறக்கவே பயந்தார். பவித்ரா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஈறெல்லாம் வீங்கி, தொட்டாலே ரத்தம் வந்தது. பல நாளாகவே அப்படித்தானாம். யாரிடமும் சொல்லவில்லை. சுத்தம் செய்து மருந்து கொடுத்திருக்கிறார்கள். எனக்கும் இரண்டு சொத்தை அடைத்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் ஆபீஸ் வேலை என்று தட்டிக்கழித்தார். அண்ணி போன் செய்து என்ன சொன்னாரோ, மறுநாளே போய்விட்டு வந்தார்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். மேடையில் துணி கட்டிக்கொண்டிருந்த உன் ஆள் ஒருவருக்குக் கன்னம் வீங்கியிருந்தது. "ஒண்ணியும் இல்லக்கா" என்றாராம். மண்டபத்தில் அத்தனை பேர் நடுவில் அண்ணி சொன்னார்: "எங்க வூட்டுக்காரரு பல்லு வலியிலதான் செத்தாரு. கீழ எறங்கு." வேலையை அப்படியே விட்டு, தானே ஆட்டோ பிடித்து அவரைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். மேடை தயாராகத் தாமதமாகி, பெண் வீட்டார் சத்தம் போட்டார்கள். அண்ணி திரும்பி வந்து, பொறுமையாக மன்னிப்புக் கேட்டுவிட்டு மீதிப் பூவைக் கட்டினாராம். அந்த ஆள் இப்போது நன்றாக இருக்கிறார்.

உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இது, அண்ணா. அண்ணியும் பவித்ராவும் எந்த வலியையும் என்னிடம் மறைக்க வேண்டியிருக்காது. கேட்க நான் இருப்பேன். அன்றைக்கே கையைப் பிடித்துக் கூட்டிப்போவேன்.

உன் கூடப்பிறந்தவள்,
மல்லிகா