தேதி போடாத தாள்

14ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பதே கால்

அன்பு மகள் சின்னவளுக்கு அப்பா எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூன்று நாளாகப் போனில் கிடைக்கவில்லையே என்று பயந்திருப்பாய். எங்கள் கட்சி எம்.எல்.ஏ.க்கள் எல்லோரையும் ஒரு ஓட்டலில் கொண்டுவந்து வைத்து, வாசலிலேயே போனை வாங்கிக்கொண்டார்கள். சாப்பாடெல்லாம் ராஜ உபசாரம்தான், ஆனால் ஜன்னல் திறக்காது, லிஃப்ட் பக்கம் போனால் கூடவே ஒரு ஆள் வருகிறான். பக்கத்து அறைக்காரர் நாள் முழுக்கச் சீட்டாடுகிறார், தோற்றால் என்னைப் பார்த்து முறைக்கிறார்.

வியாழக்கிழமை சபையில் ஓட்டெடுப்பு. அணைத் தண்ணீரில் முதல் பங்கு தொழிற்சாலைக்கு, மிச்சம்தான் வயலுக்கு என்று ஒரு சட்டம். நம் வயலும் நம் தொகுதிக்காரர்கள் வயலும் வாய்க்காலின் கடைசியில் கிடக்கின்றன, அதுவரை என்ன வந்து சேரும் சொல். இரண்டு ஓட்டு குறைந்தால் சட்டம் தோற்றுவிடும், அதனால்தான் இந்தக் காவல். கிளம்பும்போது உன் அம்மா, "தண்ணி நின்னு போச்சுன்னா எந்த முகத்தை வச்சுக்கிட்டு வாய்க்கா பக்கம் போவீங்க" என்று கேட்டாள். நான் கண்ணாடியைத் தேடுவதுபோல உள்ளே போய்விட்டேன், கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

எதிர்த்துப் போட வேண்டியதுதானே என்பாய். உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. தேர்தலில் நிற்கச் சீட்டு கொடுத்த அன்று கட்சி ஆபீசில் ஒரு தாளை நீட்டினார்கள். பதவியை விட்டு விலகுகிறேன் என்று டைப் அடித்திருந்தது, தேதி இடம் மட்டும் காலி. எல்லோரும் போடுவதுதான் என்றார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டேன். விடிந்ததும் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, கால் கழுவிக்கொண்டு பாங்குக்குப் போய் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவன் நான், நிரப்பாத பாரத்தில் கைநாட்டு வைக்க வந்த எத்தனை பேரைத் திட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறதம்மா. நேற்று எங்கள் கொறடா அந்தத் தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். நான் எதிர்த்துப் போட்டால் அதில் போன வாரத் தேதி போட்டு, இவர் முன்பே விலகிவிட்டார், ஓட்டு செல்லாது என்று சொல்லிவிடுவார்களாம். இதைச் சொல்லிவிட்டு, காபி குடித்தீர்களா என்று வேறு விசாரித்தார்.

இங்கே உட்கார்ந்து யோசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. எதிர்த்துத்தான் போடப்போகிறேன். பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அம்மாவிடம் இப்போது சொல்லாதே.

புது வேலைக்கு ஒப்பந்தம் அனுப்புவார்கள் என்றாயே, கடைசி வரிவரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் யாருக்கும் தலைகுனியாமல் நல்லபடியாக வாழ வேண்டும்.

துணி துவைக்க எடுத்துப்போகும் அம்மாள் இதை இன்றே தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். என் எம்.எல்.ஏ. லெட்டர்பேடில்தான் எழுதியிருக்கிறேன், மேலே தேதியும் மணியும் இருக்கிறது. இன்றுவரை நான் விலகவில்லை. கடிதத்தைப் பத்திரமாக வை. கவரையும் கிழித்துப் போட்டுவிடாதே, அதில்தான் தபால் முத்திரை இருக்கும்.

இப்படிக்கு,
முழுதும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடும்
உன் அப்பா