ஒன்பதாம் மாடியில் குடியிருக்கும் துணிகள்

சிகந்தராபாத்,
செவ்வாய்க்கிழமை மதியம்

அன்பு மகள் அக்ஷதாவுக்கு அம்மா ஆசையுடன் எழுதுவது.

நீ அங்கே போபாலில் சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன், எங்கள் சுகம் ஒரு வரியில் அடங்காது, போகப்போகத் தெரிந்துகொள். லேப் பயிற்சியில் எடுத்த உன் படத்தைப் பார்த்தேன், வெள்ளைக் கோட்டு தோளில் நிற்காமல் வழிகிறது, காலையில் சாப்பிடாமல் ஓடுகிறாய் போலிருக்கிறது. புது வீட்டுக்கு எப்பம்மா போறீங்க என்று நீ கேட்டு மூன்று வாரம் ஆகிவிட்டது, நான் போனில் எதையாவது சொல்லி மழுப்பிக்கொண்டே வந்தேன். நம்முடையது ஒற்றை அறை, எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பா காதில் விழும், அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது எல்லாம் நல்லபடியா இருக்கு என்பதைத் தவிர என் வாயில் வேறு எதுவும் வருவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். டயாலிசிஸ் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே நாலு மணி நேரம் அப்பாவின் ரத்தம் மெஷினைச் சுற்றி வருகிறது, அதுவரை எனக்கு இங்கே வேறு வேலையில்லை. தமிழ் மறந்துபோச்சு என்று சாக்குச் சொல்லாமல் எழுத்துக் கூட்டியாவது முழுக்கப் படி.

அரசாங்க வீட்டுக் குலுக்கலில் நம் பேர் வந்து சாவி வாங்கின அன்று நீயும் இருந்தாய். அப்பா ஒன்பதாம் மாடி பால்கனியில் நின்று சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டுக் காற்று வாங்கினாரே, டபுள் பெட்ரூம் வீடு, இனிமே வீட்டுக்காரன் மூஞ்சியில முழிக்க வேணாம் என்றாரே. பால் காய்ச்ச நாங்கள் ஒரு நாள் பார்ப்பதற்குள் ஆஸ்பத்திரி அவருக்கு வாரத்தில் மூன்று நாள் பார்த்துவிட்டது. செவ்வாய், வியாழன், சனி. அரசாங்கத்தின் ஆரோக்கியஸ்ரீ அட்டை இருப்பதால் எல்லாம் இலவசம், அந்த நன்றியை நான் மறக்கவில்லை, அட்டை இல்லாவிட்டால் அப்பா இந்நேரம் இருக்கமாட்டார். ஆனால் வீடு இருப்பது பட்டான்செருவையும் தாண்டி. இங்கிருந்து இரண்டு பஸ், பிறகு ஷேர் ஆட்டோ, போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். மெஷினை விட்டு எழுந்ததும் அவருக்கு பிரஷர் இறங்கிவிடும். போன மாதம் வீட்டைப் பார்த்துவிட்டு வரலாமே என்று ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கிளம்பினோம், பஸ்ஸில் நின்றபடியே என் தோளில் சாய்ந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். கண் மேலே சொருகியிருந்தது. கண்டக்டர் தண்ணீர் கொடுத்தார், அதிகம் குடிக்கக்கூடாதே என்று அந்த நேரத்திலும் நான் அவர் வாயிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினேன். இதை உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

வீடு கொடுத்த அரசாங்கமும் அப்பாவுக்கு ஊசி போடுகிற அரசாங்கமும் ஒன்றுதான், ஆனால் ஒருத்தருக்கொருத்தர் அறிமுகம் இல்லை போலிருக்கிறது. நான் பி.ஏ.வில் பொது நிர்வாகம் படித்தபோது நலத்திட்டங்களைப் பற்றி ஐந்து பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கினேன், இரண்டு திட்டம் ஒரே குடும்பத்தின் இரண்டு கையையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் என்ன செய்வது என்று யாரும் கேள்வி கேட்கவில்லை. புது வீட்டுப் பக்கத்திலேயே சின்ன டயாலிசிஸ் சென்டர் இருக்கிறது, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று போய்ப் பேர் கொடுத்தேன். பதினாலாவது பேர். எப்போது இடம் காலியாகும் என்று கேட்டேன். அங்கிருந்த சிஸ்டர் என்னைவிடச் சின்னப் பெண், நோட்டை மூடி வைத்துவிட்டு, இங்க இடம் எப்படிக் காலியாகும்னு யோசிச்சுப் பாத்தீங்களாம்மா என்று மெதுவாகக் கேட்டாள். அங்கே மெஷினில் இருப்பவர்கள் போனால்தான் நம் முறை வரும், நான் என்ன வேண்டிக்கொண்டு நின்றேன் என்று பஸ் ஏறும்போதுதான் புரிந்தது. அதன் பிறகு இந்த பெஞ்சில் உட்காரவே பயமாக இருக்கிறது, அப்பாவின் படுக்கைக்கும் ஒரு வரிசை இருக்குமில்லையா. நாங்கள் வருகிற நாளெல்லாம் ஒரு அம்மாள் வந்து, உங்க வீட்டுக்காரருக்கு இப்ப எப்படி இருக்கு என்று விசாரிக்கிறாள். நல்ல மனுஷியாகத்தான் இருப்பாள். நான் மட்டும், நல்லா இருக்கார், ரொம்ப நல்லா இருக்கார் என்று தேவைக்கு மேல் அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொரு பயம், குடிவராத வீடுகளை ரத்து செய்யப்போகிறார்களாம். நம் மாடியிலேயே பூட்டியிருந்த இரண்டு கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அங்கே நம் எதிர்வீட்டு ஷோபா உனக்கு நினைவிருக்கும், சாவி வாங்குகிற வரிசையில் நமக்கு முன்னால் நின்றவள், மருந்துக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவள்தான் யோசனை சொன்னாள், வதினா, உங்க துணியைக் கொஞ்சம் கொடுங்க, பால்கனியில காயப்போட்டா ஆள் இருக்கற மாதிரி தெரியும் என்று. என்னை வதினா என்று சொந்த அண்ணியைப் போல வாய்நிறையக் கூப்பிடுகிறவளிடம் என்ன சொல்ல முடியும். அப்பாவின் சட்டை இரண்டு, என் புடவை ஒன்று, உன் மஞ்சள் சுடிதார், ஒரு துண்டு, சாவி. எல்லாம் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு மாதமாக நம் வீட்டில் நம் துணிகள்தான் குடியிருக்கின்றன. படித்தவள் செய்கிற காரியமா என்று நீ கேட்பாய். பயந்தவள் செய்கிற காரியம். வித்யா அத்தை என்னவோ, வீட்டுக்கு ஒரு ஆள் வேணும், அக்ஷு எதுக்கு இருக்கா என்கிறாள். அவளுக்கென்ன, அப்பாவின் அக்கா, அடுத்த தெருவில் இருந்துகொண்டு சொல்வது சுலபம்.

(இங்கே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். மை கொட்டிவிட்டது என்று நினைத்துக்கொள்.)

வியாழக்கிழமை

நேற்று அந்த நோட்டீஸ்காரர்கள் வந்துவிட்டார்கள். காலை ஒன்பது மணிக்கு ஷோபா போன் செய்து, வதினா, முதல் மாடியில இருக்காங்க, சீக்கிரம் வாங்க என்றாள். அப்பாவை அத்தையிடம் விட்டுவிட்டு ஓடினேன். இரண்டரை மணி நேரமும் பஸ்ஸில் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன், வேலைக்குப் போயிருந்தேன், கடைக்குப் போயிருந்தேன், கோயிலுக்குப் போயிருந்தேன். நான் போனபோது நம் கதவு திறந்திருந்தது, ஷோபா சாவியோடு ஓரமாக நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை. வந்திருந்த அதிகாரி ஒரு பெண், முப்பது வயதுகூட இருக்காது. சமையலறையைப் பார்த்தாள், மேடையில் சிமெண்ட் தூசி அப்படியே இருந்தது. பிறகு பால்கனிக்குப் போய்க் கொடியிலிருந்த உன் சுடிதாரைத் திருப்பினாள். ஒரு பக்கம் வெளுத்துக் கிட்டத்தட்ட வெள்ளையாகிவிட்டது, மறுபக்கம் அதே மஞ்சள். அப்பாவின் சட்டையும் அப்படித்தான், என் புடவையும் அப்படித்தான். ஷோபா முதலில் தினமும் மாற்றிப் போட்டிருக்கிறாள், அப்புறம் நைட் ஷிப்ட் வந்து மறந்துவிட்டாள், அதற்குப் பிறகு மேற்கு வெயில் ஒரே பக்கத்தைத் தின்றிருக்கிறது. அந்தப் பெண் கோபப்படவில்லை. தெலுங்கில் மெதுவாக, துணிங்க இங்க குடியிருக்கு, இதையெல்லாம் போட்டுக்கறவங்க எங்கம்மா என்றாள்.

ஒத்திகை பார்த்த பொய் ஒன்றும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் என்று உண்மையைச் சொன்னேன், அட்டையைக் காட்டினேன், டயாலிசிஸ் நோட்டைக் காட்டினேன். அவள் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். அவள் அம்மாவுக்கும் இதே நோட்டு இருந்ததாம். ஆனால் எழுதவேண்டியதை எழுதினாள். பதினைந்து நாள். அதற்குள் நம் மூன்று பேரில் யாராவது ஒருத்தர் இங்கே வாழவேண்டும், அடுத்து சோதிக்க வருகிற அதிகாரி யாரென்று தனக்கே தெரியாது என்றாள். இல்லாவிட்டால் வீடு வேறு குடும்பத்துக்கு. அதையும் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வீட்டுக்கும் ஒரு வரிசை இருக்கிறதே. அவர்கள் போன பிறகு ஷோபா அழுதாள், அவளுக்கு நான் சமாதானம் சொன்னேன், எனக்கு யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை

நேற்று சாயங்காலம் அத்தை வந்து உட்கார்ந்தாள். ஹவ், ஆமா, வேற வழி என்ன இருக்குது, அக்ஷுவைக் கூப்பிட்டுடு லலிதா, பயிற்சி எங்க ஓடிப்போகுது என்றாள். நடுவில் விட்டால் மறுபடி சேர்க்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், இருந்தும் நான் சும்மா இருந்தேன். அதைத்தான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும், நான் சும்மா இருந்தேன். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், தூங்குகிறார் என்றுதான் நினைத்தோம். அப்படியே திரும்பாமல் பேசினார். "அந்தப் பேச்சே நக்கோ, வேணாம் அக்கா. வீட்டுக்கு ஒரு ஆள்தானே வேணும்? நான் ஆள் இல்லையா?" அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றாள்.

அதனால் நாளை பால் காய்ச்சப் போகிறோம், நல்ல நேரம் பார்க்கவில்லை. வாடகை அறையை மாதக் கடைசியில் காலி செய்கிறோம். மெஷின் நாட்களில் இரவு அத்தை வீட்டில் தங்கல், மறுநாள் காலை பிரஷர் நிதானப்பட்ட பிறகு அங்கே, அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு மறுபடி இங்கே. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. ஆனால் ஒன்பதாம் மாடி, லிப்ட் பாதி நாள் நிற்கிறது, அங்கே அவருக்கு மூச்சு முட்டினால் எப்படி இறக்குவேன்? எல்லா பிளாக்கும் ஒரே நிறம், ஆம்புலன்ஸ்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? நேற்று பாத்திரம் துலக்கும்போது 108க்கு வழி சொல்லிப் பழகினேன், மெயின் ரோட்டிலிருந்து மூன்றாவது திருப்பம், தண்ணீர் டேங்க், இடது பக்கம் நாலாவது பிளாக், நாக்கு குழறாமல் வரும்வரை சொன்னேன். நீயும் அதை எழுதிவைத்துக்கொள். ஷோபா அவள் தம்பி நம்பரும் கீழ்வீட்டு நம்பரும் கொடுத்திருக்கிறாள், தூக்கி இறக்க இரண்டு பேர் வேண்டும் என்று நான் கேட்காமலே கொடுத்தாள். கொடியிலிருந்த துணிகளைத் துவைத்து மடித்துவைத்திருக்கிறேன், உன் சுடிதாரை மட்டும் இனி போட முடியாது.

நீ வேளைக்குச் சாப்பிடு, ரத்தம் எடுக்கும்போது கையுறையை மறக்காதே, ஊசியைக் கண்ட இடத்தில் வைக்காதே, தனியாக ஆட்டோவில் போகாதே. நல்ல உத்தியோகமும் நல்ல துணையும் நீண்ட ஆயுசும் உனக்கு வாய்க்கட்டும் என்று அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம், அவர் உள்ளே படுத்திருப்பதால் அவர் பங்கையும் நானே எழுதிவிட்டேன். நான் அடித்துவைத்த வரியை நீ வெளிச்சத்தில் பிடித்து எப்படியும் படித்துவிடுவாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதில் 'வந்துவிடு' என்று இருக்கும். அது பயத்தில் எழுதியது, அதற்குக் கட்டுப்படாதே. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். நான் என்றைக்காவது போனில் அழுது வந்துவிடு என்று சொன்னால் உடனே டிக்கெட் எடுக்காதே, அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொல். அவர் பேசினால் நீ அங்கேயே இரு.

உன் அம்மா,
லலிதா சாம்பசிவம்