மில்டன் வளர்த்த உண்ணிகள்

பிப்ரவரி 9
போன வாரம்தான் மாடுகளை மருந்துத் தொட்டியில் இறக்கி ஏற்றினோம். இன்று மடியைத் தடவிப் பார்த்தேன். உண்ணிகள் அப்படியே பருத்துத் தொங்குகின்றன. ஒன்றுகூட உதிரவில்லை. அப்பா நிலத்தைப் பிரித்தபோது தொட்டியை மட்டும் பொதுவில் விட்டார். மருந்து கலக்குவது அண்ணன் மில்டன். அவன் வைத்ததுதான் சட்டம்.

பிப்ரவரி 10
கேட்டேன். "உண்ணிக்கு மருந்து பழகிப்போச்சு, குடிகாரனுக்குச் சாராயம் பழகுற மாதிரி. இன்னும் கெட்டியா கலந்தா செத்துடும்" என்றான். மாத்தே இலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் யார் இருந்தாலும் அதே குவளையை நீட்டுவதுதான் வழக்கம்; எனக்கு நீட்டவில்லை.

மார்ச் 2
கால்நடை டாக்டர் நீபியா வந்தார். முன்பு எடுத்துப்போன எங்கள் உண்ணிகளை ஆய்வகத்தில் சோதித்தார்களாம், எந்த மருந்துக்கும் சாகவில்லை. மில்டன் சாராயக் கதையை எடுத்துவிட்டான்.

"பழகல மில்டன். எந்த உண்ணியும் எதையும் கத்துக்கல. கூட்டத்துல ஒண்ணு ரெண்டு பிறக்கும்போதே மருந்தைத் தாங்குற உடம்போட பிறந்திருக்கும். மத்ததையெல்லாம் நீங்க கொன்னீங்க. தாங்கினது முட்டை போட்டுச்சு, குஞ்சும் அதே மாதிரி. வருஷக்கணக்கா இதையேதான் செஞ்சிருக்கீங்க."

மருந்தை நிறுத்தி, மேய்ச்சல் நிலத்தை மாதக்கணக்கில் காலியாகப் போட்டால், கடிக்க மாடில்லாமல் குஞ்சுகள் பட்டினியில் சாகுமாம். "மாட்டை நான் சட்டைப்பையில வெச்சுக்கவா?" என்று மில்டன் சிரித்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பா இனவிருத்திக்குக் காளை பொறுக்கின மாதிரி நீ உண்ணி பொறுக்கியிருக்கே. நல்ல ஜாதி."

"உன் புருஷன் ஏன் ஓடினான்னு இப்பதானே புரியுது."

டாக்டர் முன்னாலேயே சொன்னான். பாவி.

மார்ச் 6
பாதி மாட்டை இறைச்சிக்கு அனுப்பிவிட்டேன். மிச்சத்தை வீட்டுப் பக்கத்து நிலத்துக்கு ஓட்டி, ஆற்றோரத் துண்டைக் காலிசெய்து வேலி கட்டியாயிற்று.

மே 17
ஆற்றோரத் துண்டில் மில்டன் மாடுகள்! கம்பி தானாக அறுந்ததல்ல, வெட்டியது. முனை பளபளக்கிறது. குதிரையில் பாய்ந்து போனேன். வேலியோரம் சாவகாசமாக நிற்கிறான்.

"புல்லு சும்மாதானே கிடக்கு இல்டா."

"சும்மா கிடக்கணும்னுதானே போட்டேன்! உன் மாட்டுல தொங்குறதெல்லாம் என் நிலத்துல உதிர்ந்து முட்டை போடணுமா?"

"அப்பா நிலம்டி இது."

அத்தனை மாட்டையும் சாலைக்கு விரட்டினேன். லாரி அடித்தால் அடிக்கட்டும் — அப்படியா நினைத்தேன்? ஆமாம், அப்படித்தான்.

இத்தனை மாதம் காத்ததெல்லாம் மண்ணாப் போச்சு. மறுபடி முதல்லேர்ந்து.

மே 18
புதுக் கம்பி. முள்ளோடு.

ஜூன் 21
உண்ணிக் காய்ச்சல் மில்டன் மாடுகளைப் பிடித்துவிட்டது. தலை தொங்கி, சிவப்பாக மூத்திரம் பெய்து விழுகின்றன. அவன் இன்னும் மருந்து ஊற்றுகிறான். நெடி என் சமையலறை வரை வருகிறது. கன்றுகளுக்குத் தோல் வெந்துவிட்டதாம். உண்ணிகளுக்கு ஒரு குறையுமில்லை.

ஆகஸ்ட் 3
அவனுடைய மிச்ச மாடுகளும் இறைச்சிக்கு லாரி ஏறிவிட்டன. நான் வெளியே வரவில்லை.

அடுத்த ஆண்டு, பிப்ரவரி 20
கையாலேயே உண்ணி பிடுங்கிய மாடுகளை ஆற்றோரத் துண்டில் இறக்கிச் சில வாரம் ஆகிறது. இன்று மடி, தொடை, காதுக்குள் எல்லாம் தடவினேன். சுத்தம்.

மாடில்லாமல் இப்போது நெல் ஆலையில் லாரி ஓட்டும் மில்டன் சாயங்காலம் வேலியருகே வந்து நின்றான். அவன் பக்கம் புல் இடுப்பளவு நிற்கிறது.

"உன் மாட்டை இந்தப் பக்கம் விடலாம்ல?"

"உன் உண்ணிக்கு விருந்து வைக்கவா?"

பதிலுக்கு ஏதாவது குத்துவான் என்று காத்திருந்தேன்.

"இப்ப இல்ல. டாக்டருக்குப் போன் பண்ணேன்" என்றான். "ஜூன்ல குளிர்காலம் தொடங்குற வரைக்கும் ஒரு மாடுகூட கால் வைக்கக் கூடாதுன்னாங்க. சரின்னுட்டேன்."

நான் குடித்துக்கொண்டிருந்த மாத்தேக் குவளையை நிரப்பி, முள்கம்பிக்கு மேலே நீட்டினேன்.