உள்ளங்கையைக் காட்டினால்

செப்டம்பர் 8

நில அளவை செய்முறைக்கு மேடம் குழு பிரித்துவிட்டார். வேண்டுமென்றே கலக்கியிருக்கிறார், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு குழுவில். எனக்கு வாய்த்தது மலைப்பக்கத்துப் பெண் ஒருத்தியும் துறைமுக ஊர்ப் பையன் ஒருவனும். மூவருக்கும் வேறு வேறு தாய்மொழி. நடுவில் இருப்பது வகுப்பில் கற்ற அரைகுறை மொழி ஒன்றுதான். பட்டப்பெயர் மட்டும் உடனே வந்துவிட்டது. அவள் மலை, அவன் கப்பல், நான் சமவெளி. என் கோபத்தை அவர்கள் இன்னும் பார்க்கவில்லை.

செப்டம்பர் 9

அம்மா போனில்: "நம்ம பக்கத்து ஆளுங்களோட சேர்த்துவிடச் சொல்லிக் கேளு. வாயில்லாப் பூச்சியா இருக்காதே." என்னைப் போய் இப்படிச் சொல்ல அம்மாவால்தான் முடியும்.

செப்டம்பர் 15

மானம் போச்சு.

வளாகத்தை ஒரு சுற்று அளந்து, கிளம்பிய கல்லுக்கே திரும்ப வேண்டும். முதலில் என்ன உயரம் இருந்ததோ அதுவே வர வேண்டும். எங்கள் கணக்கில் கல் இடுப்பளவு உயர்ந்திருந்தது.

"நீங்க சுத்தி வர்றதுக்குள்ள பூமி வளர்ந்துடுச்சா?" என்றார் மேடம். வகுப்பே சிரித்தது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாக அளக்காவிட்டால் செய்முறையில் பூஜ்யம். பருவத் தேர்வே எழுத முடியாது.

எல்லாம் மலையால் வந்த வினை. கருவியில் பார்ப்பது நான், தூரத்தில் அளவுகோலைப் பிடிப்பது அவள், எழுதுவது கப்பல். கருவியை அடுத்த இடத்தில் வைத்து நான் மறுபடி பார்க்கும்வரை அவள் அசையக்கூடாது. அதுக்குத்தானே ஒவ்வொரு தடவையும் கையை உயர்த்தி நில்லுன்னு காட்டறேன்? நான் கருவியைத் தூக்கக் குனிஞ்சதும் அவபாட்டுக்கு நடந்திருக்கா. கப்பல் பார்த்தும் சொல்லலை. கேட்டா, "நீ சொல்லித்தான் போறான்னு நெனச்சேன்" என்கிறான்.

நான் கத்தினேன். அவளும் கத்தினாள், அவள் மொழியில். புரியாதது நல்லதாகப் போயிற்று.

குழு மாற்றச் சொல்லி மேடத்திடம் நின்றேன். "வெள்ளிக்கிழமை முடியட்டும், மாத்தறேன். ஆனா நாளைக்கு நீ பாலம் கட்டினா, ரெண்டு கரையும் உங்க ஊராவா இருக்கும்?" கோபம்தான் வந்தது.

செப்டம்பர் 16

தேச ஒற்றுமை பற்றிக் கட்டுரை எழுதி முதலாண்டில் பரிசு வாங்கியவள் நான். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் மலையோடு பேச்சுவார்த்தை இல்லை.

செப்டம்பர் 17

வயிறு வலிக்கச் சிரித்தாயிற்று.

கேன்டீன் வாசல் பெஞ்சுக்குப் பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள். மலை அதை நோக்கி வந்தாள். பேச்சில்லாவிட்டாலும் மனசு கேட்குமா? நில் என்று உள்ளங்கையைக் காட்டினேன். அவள் முகம் மலர்ந்தது. வந்து ஜம்மென்று உட்கார்ந்துவிட்டாள்.

"பெயின்ட் காயலை, நில்லுன்னு காட்டினேனே!"

"அது நில்லா? எங்க ஊர்ல வளைவுல நிக்கிற ஆள் இப்படிக் காட்டினா, எதிர்ல வண்டி இல்லை, தாராளமா வான்னு அர்த்தம்."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்படியானால் அந்தக் கல்லை வளர்த்தது என் கைதான். அவள் ஒவ்வொரு முறையும் நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறாள், பாவம்.

கப்பலைக் கூப்பிட்டோம். அவன் ஊரில் உள்ளங்கைக்கு 'காசு இல்லை' என்று அர்த்தமாம். மூன்று பேரும் உட்கார்ந்து, மூவர் ஊரிலும் இல்லாத சைகைகளாகத் தேடிப் பிடித்தோம். தலைக்கு மேல் இரு கையையும் பெருக்கல் குறியாக வைத்தால் நில். வட்டம் போட்டால் கிளம்பு. மலையின் பாவாடையில் பச்சைக் கோடுகள் போகவே இல்லை. நான்தான் துவைத்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 19

கல் அதன் இடத்தில் இருக்கிறது! பிழை நகக்கண் அளவுகூட இல்லை. மேடம் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். பிறகு, "குழு மாத்தணும்னியே?" என்றார்.

"எந்தக் குழு மேடம்?" என்றேன். கப்பல் பின்னால் திரும்பிச் சிரித்தான்.

அக்டோபர் 6

மைதானம் முழுக்கப் பெருக்கல் குறிகள். மற்ற குழுக்களும் திருடிவிட்டன. போகட்டும்.

நவம்பர் 28

தேர்வு முடிந்தது. நாலு நாள் கழித்து வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"யார் வீட்டுக்குப் போற?"

"நம்ம பக்கத்து ஆள்தாம்மா."

பேருந்து நிலையத்தில் மலை முன்னாலேயே ஏறி இடம் பிடித்திருந்தாள். ஜன்னல் வழியே என்னைப் பார்த்ததும் உள்ளங்கையை உயர்த்தினாள். கண்டக்டர் எங்கள் பக்கத்துக்காரர் போல. "உன்னை ஏற வேணாங்கறாங்களேம்மா" என்றார்.

"இல்லண்ணே, வழி காலியா இருக்காம்" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.