ரோட்டை அடைத்துப் போட்ட கொள்ளு

மாசி 3, வியாழன்

இன்று கொள்ளுச் செடியை ரோட்டில் பரப்பினேன். ஓரத்தில் வழி விட்டால் பஸ்ஸெல்லாம் அதிலேயே போய்விடும், செடிமேல் ஏறாது, கொள்ளு உதிராது. அதனால் ரோட்டை அடைத்தே போட்டேன்.

கால் விளங்காத சேகர் அண்ணன், கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளில் கடைக்குப் போக வந்தார். வெறும் தாரில் ஒற்றைக் கையாலேயே ஓட்டுகிறவர். செடிக்குள் இரண்டு கையாலும் சுற்றியும் சக்கரம் நகரவில்லை. ஓடிப்போய்த் தள்ளிவிட்டேன். அவருக்கு மூச்சு வாங்கியது.

“பரவால்ல தங்கச்சி. என் வண்டியும் ஒனக்குக் கொஞ்சம் கொள்ளு அடிச்சுக் குடுத்துருச்சு” என்று சிரித்தார். திட்டியிருக்கலாம்.

அப்போதே ஒரு ஓரம் ஒதுக்கியிருக்க வேண்டும். கீரனூர் பஸ் வருவது தெரிந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

இருட்டும்வரை அங்கேயேதான் இருந்தேன். அவர் அந்த வழியாகத் திரும்பவில்லை. வேறு வழி என்றால் கண்மாய்க்கரை மணல்தான்.