மாமாவோடு பேசிய இருபத்தோரு நிமிஷம்

6-11-2024, புதன்கிழமை
பூதலூர் வழி

அன்புள்ள தம்பி பக்கிரிக்கு,

அக்கா வள்ளியம்மை எழுதுறேன். சிங்கப்பூர்ல நீ நல்லபடியா இருக்கணும். நான் இருக்கேன்.

போன்ல கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன். மணி அடிக்குது, நீ எடுக்கல. திருவாரூருக்குப் போன் போட்டு அம்மா வீட்டுல இருக்கிற உன் பொண்டாட்டி ஷோபனாகிட்ட கேட்டா, அதுவும் அவருக்கு வேலை சாஸ்தி அண்ணின்னுதான் சொல்லுது. அதான் கடுதாசி. அஞ்சாவது படிச்சவ எழுத்து. நீதான் கூட்டிப் படிச்சுக்கணும்.

எம்புள்ள பிரபுவுக்கு ஞாயித்துக்கிழமை கருமாதி முடிஞ்சுது. தாய்மாமன் நிக்கிற இடத்துல சித்தப்பா மவன் செல்லதுரை நின்னான். உனக்கு லீவு கிடைக்கலன்னு எல்லாருக்கும் சொல்லிட்டோம். ஊர்ல ஒருத்தரும் குறை பேசல. என் மனசுதான் பேசுச்சு. உங்கிட்ட மறைச்சு என்ன ஆவப்போவுது.

உன் வயல்ல நட்டது பச்சை புடிச்சிருச்சு. வாய்க்கால்ல தண்ணி வருது, மோட்டார் போட வேலையில்ல. அந்த மோட்டார் கொட்டகைப் பக்கம் நான் போறதில்ல.

தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மோட்டார் ஒயரை ரெண்டு தடவ அறுத்துட்டுப் போயிட்டானுங்கன்னுதான் அங்க ஒரு கேமரா மாட்டச் சொன்ன. பிரபுவும் மாமா வேலைன்னு கடைக்கு லீவு போட்டுட்டுப் போனான். முதநாள் ராத்திரி மழை. லைன்மேன் சொல்றாரு, கேமராவுக்குப் போன ஒயர் கிளாம்புல தோல் உரிஞ்சு, இரும்புப் பைப்பு முழுக்கக் கரண்டு பாஞ்சிருக்குன்னு. சரி, பாஞ்சிருக்கும். ஃபீஸ் கட்டையைப் பிடுங்கி வெச்சிருந்தா பாஞ்சிருக்காதே. நாலு வருஷமா கேமரா மாட்டுறவன். எங்க ஏறினாலும் ஃபீஸ் கட்டையைப் பிடுங்கி சட்டைப்பையில போட்டுக்கிட்டுத்தான் ஏறுவான். துவைக்க எடுக்கிறப்ப அவன் சட்டைப்பையில யார் வீட்டு ஃபீஸ் கட்டையோ இருக்கும். திருப்பிக் குடுக்க ஓடுவான்.

அன்னிக்கு மட்டும் ஏன் பிடுங்கல? ஊர்ல குடிச்சிருந்தான்னு பேசுறாங்க. அவனை வேலைக்கு வெச்சிருந்த அப்சர் பாயைப் பாத்து, உங்க ஆளுக்குத் தொழில் தெரியாதான்னு கேக்குறாங்களாம். அந்த மனுசன் எங்க வீட்டு வாசல்ல உக்காந்து அழுதாரு.

ஆஸ்பத்திரில கேட்டேன், உசிரு உடனே போயிருச்சான்னு. டாக்டரம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. ஜெக்கரியா டிராக்டரை ஓட்டிக்கிட்டு அந்தப் பக்கம் வந்தப்ப மணி பத்தே முக்கால். அவருதான் பாத்துக் கத்தினாரு. அதுவரைக்கும் எம்புள்ள எவ்வளவு நேரம் கிடந்தான்னு யாருக்கும் தெரியல.

உனக்கு ஏதாச்சும் தெரியுமா? தெரிஞ்சா எழுது. உடம்பைப் பாத்துக்க.

உன் அக்கா
வள்ளியம்மை


30-11-2024

முதல் தாள்
பக்கிரி, அக்காதான். உன் புது வீட்டு வாசல்ல, கேமரா முன்னால தாளைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். தெருவுக்குக் கேக்க வேணாம்னு காலண்டர் தாள் பின்னால எழுதியிருக்கேன். பிரபு ஒயருக்கு நம்பர் போடுற மார்க்கரு இது.

ரெண்டாவது தாள்
கடுதாசி போட்டு இருபத்தினாலு நாளாச்சு. பதில் இல்ல. ஆனா நான் வாசல் பெருக்கிறப்ப இந்தக் கேமரா என் பக்கம் திரும்புது. தானாத் திரும்பாது, மாமா போன்லேருந்து திருப்பினாத்தான் திரும்பும்னு பிரபு சொல்லியிருக்கான்.

மூணாவது தாள்
கண்ணாடியில சிலந்தி கூடு கட்டியிருந்துச்சு. ஸ்டூல் போட்டு ஏறிக் காஞ்ச துணியால தொடச்சிட்டேன். இப்ப எழுத்து நல்லாத் தெரியும்.

நாலாவது தாள்
ஆடி மாசம் இதை மாட்டி முடிச்சதும் நீ இதுலயே பேசின. அக்கா, வர்றவங்களுக்குக் காப்பி போடுன்னு. எல்லாரும் திடுக்கிட்டுச் சிரிச்சோம். அந்த மாதிரி ஒரு வார்த்தை பேசு. அவன் ஏன் கரண்டை நிறுத்தல?

அஞ்சாவது தாள்
அரை மணி நேரம் நிப்பேன். நாளைக்கும் வருவேன்.


3-12-2024
சிங்கப்பூர்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பக்கிரி வணக்கத்துடன் எழுதுகிறேன். நம்ம ஊர் செந்தில்குமார் லீவில் வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். முந்தின கடிதமும் கிடைத்தது. உடனே எழுதாததற்கு மன்னிச்சுக்க.

நீ தாளைப் பிடித்துக்கொண்டு நின்றதை மூன்று நாளும் பார்த்தேன். பேசுகிற பட்டனை அமுக்கினேன். உடனே விட்டுவிட்டேன். அந்தக் கேமரா ஷோபனா போனிலும் தெரியும் அக்கா. இது என்னங்க, அண்ணி என்ன கேக்குறாங்கன்னு அவள் என்னைக் குடைகிறாள். அக்காவுக்கு மனசு சரியில்லை, விடுன்னு சொன்னேன். இனிமேல் அப்படி வெயிலில் நிற்காதே. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்.

நீ கேட்டதற்குச் சொல்கிறேன். அன்னைக்கு அவன் கூப்பிட்டான். மாட்டிக்கிட்டிருக்கேன் மாமான்னு சொன்னான். நான் சாப்பாட்டு வரிசையில் நின்றேன். ஒரு நிமிஷம்கூடப் பேசியிருக்க மாட்டோம், வைத்துவிட்டேன். அப்புறம் நடந்தது எனக்குத் தெரியாது. அவன் நேரம் அவ்வளவுதான். நாம என்ன செய்ய முடியும்?

பொங்கலுக்கு வரப் பார்க்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. எனக்கும் பிறந்த வீடுன்னு நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

உன் தம்பி
பக்கிரி


15-12-2024, ஞாயிறு

தம்பி பக்கிரிக்கு,

செந்தில்குமார் கடுதாசியைக் குடுத்தாரு. பிஸ்கட் டப்பாவும் குடுத்தாரு. அவர் புதன்கிழமை திரும்புறாரு, இதை அவர் கையிலயே குடுத்து விடுறேன்.

எனக்கு மனசு சரியில்லன்னு ஷோபனாகிட்ட சொல்லியிருக்க. சொல்லிக்க. சரியில்லாமத்தான் இருக்கு.

பிரபு போனை ஸ்டேஷன்லேருந்து குடுத்துட்டாங்க. மேல் கண்ணாடி நொறுங்கிக் கிடந்துச்சு. அப்சர் பாய் கண்ணாடி மாத்தி உசிர் குடுத்தாரு. கடைசியாப் போன கால் மாமான்னு இருக்கு. படம் பாத்துப் பேசுற கால். ஒம்பது முப்பத்திரண்டுக்கு ஆரம்பிச்சு ஒம்பது அம்பத்திமூணு வரைக்கும். நான் மூணு தடவ விரல் விட்டு எண்ணினேன். இருபத்தோரு நிமிஷம். நீ ஒரு நிமிஷம்னு எழுதியிருக்க.

அப்சர் பாய்கிட்ட கேட்டேன், இதுக்கு என்னங்க அர்த்தம்னு. அவரு போனைத் தொடச்சு எங்கிட்ட குடுத்தாரு. அப்புறம் சொன்னாரு, வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு மாட்டுறப்ப எப்பவும் அப்படித்தாம்மா, கேமராவைத் திருப்பத் திருப்ப அவங்க போன்ல பாத்து, இப்படி வை அப்படி வைன்னு சொல்வாங்கன்னு. அப்ப நீ பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்க.

ஸ்டேஷன்ல ஒரு தாள்ல கையெழுத்துக் கேக்குறாங்க. எழுத்துக்கூட்டிப் படிச்சேன். என் மகன் தன்னுடைய கவனக்குறைவால் இறந்துபோனான், யார் மீதும் எனக்குச் சந்தேகம் இல்லைன்னு இருக்கு. கைநாட்டு வெச்சாலும் போதும்னாங்க. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். ஜனவரி ஏழாம் தேதி கடைசின்னு சொல்லியிருக்காங்க. அதுல நான் கையெழுத்துப் போட்டா, எம்புள்ள தொழில் தெரியாதவன்னு சர்க்கார் தாள்லயே ஏறிடும். நானே ஏத்துன மாதிரி.

ராத்திரியில தூக்கம் இல்ல, பகல்ல சோறு இறங்கல. களைக்குப் போனா களை எது நெல்லு எதுன்னு தெரியல. கூட வர்ற ஜன்னத் பீவி என்னைக் கரையில உக்கார வெச்சுட்டு என் பாத்தியையும் சேத்துப் பறிக்குது. எனக்கு உன்னைத் திட்டணும்னு இல்ல. அவன் கடைசியா என்ன பேசினான்னு உனக்கு மட்டும்தான் தெரியும். அதை நீ வெச்சுக்கிட்டு இருக்க. அது என்னோடது. குடுத்துடு.

அக்கா
வள்ளியம்மை


28-12-2024
சிங்கப்பூர்

அக்கா,

குரியரில் அனுப்புகிறேன். ஏழாம் தேதிக்கு முன்னால் வந்துவிடும்.

எனக்குச் சாப்பாட்டு நேரம் ஒரு மணி நேரம்தான். ஊரில் அப்போது காலை ஒன்பதரை. அவன் கொட்டகை முன்னால் நின்று கூப்பிட்டான். ஒரு போனில் அவன் முகம், என் இன்னொரு போனில் கேமராப் படம். ரெண்டையும் மேசையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். முதலில் தரையில் வைத்தே கேமராவை நெட்டில் சேர்த்தான். அதற்கே பத்து நிமிஷம் ஆனது. அப்புறம் பைப்பில் ஏற்றி முடுக்கினான். படம் வந்தது, ஆனால் பாதிக்கு மேல் வானமாகத் தெரிந்தது. இறக்கித் திருப்பணும்டான்னு சொன்னேன்.

அவன், 'மாமா, மழை ஈரமா இருக்கு, ஃபீஸைப் பிடுங்கிட்டு ஏறுறேன்'னு சொன்னான்.

நான்தான் அக்கா சொன்னேன். 'அதைப் பிடுங்கினா நெட்டும் போயிடும், படமும் போயிடும். மறுபடி சேர்க்கப் பத்து நிமிஷம் ஆகும், நான் இன்னும் சாப்பிடவே இல்ல. அப்படியே ஏறித் திருப்பு.'

'சரி மாமா'ன்னு சொன்னான். அவ்வளவுதான் சொன்னான். எதிர்த்துப் பேசவே இல்லை.

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறினான். படம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வயல், வரப்பு, கொட்டகைக் கதவு. 'இப்பத் தெரியுதா மாமா'ன்னு கேட்டான். தெரியுது, கொஞ்சம் இடது பக்கம்னு சொன்னேன். அப்புறம் ஒரு சத்தம். போன் கட்டாகிவிட்டது.

கேமரா நிற்கவில்லை அக்கா. படம் ஓடிக்கொண்டே இருந்தது. வயல் தெரிந்தது. கீழ் மூலையில் ஏணி விழுந்து கிடந்தது. அவன் தெரியவில்லை. ரெண்டு தடவை கூப்பிட்டேன், போகவில்லை. இறங்கியிருப்பான், ஏணி சரிந்திருக்கும், போன் விழுந்து உடைந்திருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாப்பாட்டு நேரம் முடிகிற மணி அடித்தது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். கட்டடத்தில் மேலே ஏறின பிறகும் அந்த ஏணி கண்ணை விட்டுப் போகவில்லை. கழிப்பறைக்குப் போகிற மாதிரிப் போய்த் திறந்து பார்த்தேன். அப்போது ஜெக்கரியாவும் ஆட்களும் நின்றார்கள்.

ஒரு மணி நேரம் நான் யாருக்கும் போன் பண்ணவில்லை. ஏன்னு என்னைக் கேட்காதே. எனக்கே தெரியவில்லை. கூப்பிட்டுச் சொன்னால் நடந்தது நிஜமாகிவிடும்னு பயந்தேனோ என்னவோ.

படித்துவிட்டுக் கிழித்துவிடு அக்கா. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். இது கேஸ் ஆனால் என் வேலை போகும், ஷோபனாவும் பிள்ளையும் தெருவில் நிற்பார்கள். பொங்கலுக்கு வந்து உன் காலில் விழுகிறேன். என்ன வேண்டுமானாலும் செய். அந்தத் தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடு.

பக்கிரி


9-1-2025

பக்கிரிக்கு,

நாலாம் தேதி கடுதாசி வந்துச்சு. யார்கிட்டயும் குடுக்காம நானே படிச்சேன். ரெண்டு நாள் ஆச்சு. சில எழுத்து புரியல, திரும்பத் திரும்பப் படிச்சதுல புரிஞ்சுது.

ஃபீஸைப் பிடுங்க வேணாம்னு சொன்னது தெரியாத்தனம். நீ தூரத்துல இருந்த, ஈரம்னு அவன் சொன்னாலும் அது எவ்வளவுன்னு உனக்குத் தெரியாது. அவனும் அப்பன் இல்லாத புள்ள, மாமா சொன்னா மறுப்பு சொல்ல மாட்டான், நான் அப்படி வளத்துட்டேன். அதுக்கு உன்னோட சேத்து நானும் அழுதுக்கிறேன். ஆனா ஏணி கிடந்ததைப் பாத்திருக்க. ஜெக்கரியா நம்பர் உங்கிட்ட இருக்கு. செல்லதுரை நம்பர் இருக்கு. என் நம்பர் இருக்கு. நான் அன்னிக்கு நாலு வயல் தள்ளித்தான் நடவுல இருந்தேன். இடுப்புல போன் இருந்துச்சு. ஓடியிருப்பேன் பக்கிரி. தண்ணியாச்சும் குடுத்திருப்பேன். மடியிலயாச்சும் போட்டுக்கிட்டிருப்பேன்.

கிழிக்கச் சொல்லியிருந்த. அடுப்பு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. கையில வெச்சுக்கிட்டு அது பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன்.

ஏழாம் தேதி உன் கடுதாசியை ஸ்டேஷன்ல குடுத்துட்டேன். எஸ்.ஐ. ரெண்டு தடவ படிச்சாரு. 'உங்க தம்பிதானேம்மா, யோசிச்சுக்குங்க'ன்னாரு. யோசிச்சுட்டேங்கன்னு சொன்னேன். அந்தப் பழைய தாளை எடுத்து ஓரமா வெச்சுட்டு, நான் சொல்லச் சொல்லப் புதுசா எழுதினாங்க. ஃபீஸைப் பிடுங்கிட்டு ஏறுறேன்னு அவன் சொன்னதை அவன் சொன்ன மாதிரியே எழுதச் சொன்னேன். எழுதினாங்க. படிச்சுக் காட்டச் சொல்லிட்டு அதுல கையெழுத்துப் போட்டேன். அங்கேருந்து அப்சர் பாய் கடைக்குப் போய்ச் சொன்னேன். சேரை இழுத்துப் போட்டு உக்காரச் சொன்னாரு.

நேத்து திருவாரூர் போயிருந்தேன். வேற வாய் வழியா ஷோபனாவுக்குப் போவக் கூடாதுல்ல. வாசல்ல நின்னே சொன்னேன். அது முழுசாக் கேட்டுச்சு. உள்ள போயி ஒரு சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. குடிச்சேன். கதவைச் சாத்திக்கிச்சு. நான் பஸ்ஸுக்கு வந்துட்டேன். அதை ஒண்ணும் கேக்காத, ஏசாத.

நீ ஊருக்கு வந்தா விசாரிப்பாங்களாம். அதனால வந்தாலும் வருவ, வராமப் போனாலும் போவ. அது உன் இஷ்டம். வயலை செல்லதுரை பாத்துக்குவான், கதிர் வந்திருச்சு, தை கடைசியில அறுக்கலாம்னு சொன்னான்.

எனக்குன்னு மிச்சம் இருந்தது நீ ஒருத்தன். ஆனா அவனுக்காகப் பேச நான் ஒருத்திதான் இருக்கேன். இதைத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தோணல.

நீ எழுதினா படிப்பேன். என்கிட்டேருந்து பதில் வராது.

பிரபுவின் அம்மா
வள்ளியம்மை