கறுப்பி சுமந்த பேரீச்சம்பழம்

வெள்ளவத்தை,
02.07.2019

ருஷ்தாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகளும் சுகம். உங்கள் சுகத்தை நேரில் பார்த்தேன்தான், ஆனால் பார்த்தது போதவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான், நடுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். "ஏன் இப்படி மெலிஞ்சு போனீங்க?" என்று நான் கேட்டது உங்கள் காதில் விழுந்ததோ தெரியாது. அதனால் எழுதுகிறேன். தமிழ் தெரிந்த ஒருவர் வாசித்த பிறகுதான் உங்கள் கையில் தருவார்களாம். வாசிக்கும் ஐயாவுக்கும் என் சலாம்.

சட்டத்தரணி அருந்ததியைக் கண்டேன். நோன்பு மாதத்தில் பொலிஸார் வீட்டைச் சோதனை போட்டு எடுத்துப்போன உங்கள் விளையாட்டுக் காகம் கறுப்பிதான் முழு வழக்குமாம். தேவாலயங்களில் குண்டு வெடித்து ஊரே நடுங்கிக் கிடந்த நேரம். வயரும் பட்டரியும் ரிமோட்டும் ஒன்றாக இருந்தால் எவருக்கும் பயம் வரும், அது சரி. ஆனால் கடையில் சாமான் போட்டுத் தரும் சிலிசிலிப் பையை வெட்டிச் சிறகு வைத்த பொம்மைக் காகம் என்று பார்த்ததும் விளங்க வேண்டாமா? இந்த வருடம் நீங்கள் அதைத் தொடக்கூட இல்லை. போன் திருத்துகிற மனிதருக்குக் காகம் செய்கிற வேலை எதற்கு என்று எத்தனை தரம் சண்டை பிடித்தேன்! இப்போது அந்தச் சண்டைக்கும் ஆள் இல்லை.

அவர்கள் கறுப்பியைத் துண்டு துண்டாகக் கழற்றிவிட்டார்கள். இன்னொன்று செய்து பறக்கவிட்டு, இது வெறும் விளையாட்டுச் சாமான் என்று காட்டினால் பிணைக்கு வழி பிறக்கும் என்கிறார் அருந்ததி. செய்முறையை எழுதுங்கள். எதிர்ப் பல்கனி கனகேஸ்வரி அக்காவும் உதவிக்கு வருகிறார். "அலவித் தம்பியை வெளியிலை எடுக்கிறதுக்கு நானே பறக்கவும் ரெடி, பிள்ளை" என்கிறார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு!

துஆவுடன்,
பஸீஹா


19.07.2019

அன்பு பஸீஹா,

வஅலைக்குமுஸ்ஸலாம். நீ கேட்டது காதில் விழுந்தது. மெலியவில்லை, கம்பிக்குள்ளால் பார்த்தால் எவரும் மெலிவாகத்தான் தெரிவார்கள்.

படம் வரைந்து அனுப்பப் பார்த்தேன், அனுமதி இல்லை. சொல்லாலேயே சொல்கிறேன். ஈர்க்குமாற்றில் நன்றாக முற்றின ஈர்க்குகளாகப் பார்த்து எடு. மோட்டரும் பல்சக்கரமும் ரிமோட்டும் ருஷ்தாவின் பழைய பொம்மைக் காரில் இருக்கின்றன. சிறகின் முன்பக்கத்தை மட்டும் ஈர்க்கோடு ஒட்டு, பின்பக்கம் தொய்வாகக் கிடக்கட்டும். உனக்கு எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்துத்தான் பழக்கம். இதில் அது சரிவராது, இறுக்கினால் எழும்பாது. போன் பட்டரியை நெஞ்சுக்கு நேரே, கொஞ்சம் முன்னால் கட்டு. வால் சற்றே மேலே பார்க்க வேண்டும். பின்னேரம் மொட்டைமாடியில் கடலைப் பார்த்து நின்று காற்றுக்கு எதிராக எறி. உண்மையான காகங்கள் கூட்டமாக வந்து வாய்க்கு வந்தபடி ஏசும். அது நல்ல சகுனம், காகம் என்று நம்பிவிட்டன என்று அர்த்தம்.

இங்கே நெருக்கித்தான் படுக்கிறோம். ஒருவர் புரண்டால் வரிசை முழுக்கப் புரள வேண்டும். அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

ஒரு வேலை செய். கறுப்பி எழும்பும்போது நீ கறுப்பியைப் பார்க்காதே. ருஷ்தாவின் முகத்தைப் பார். பார்த்து அதை எனக்கு எழுது.

உன்,
அலவி


வெள்ளவத்தை,
25.08.2019

ருஷ்தாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நல்லதை முதலில் எழுதிவிடுகிறேன். கறுப்பி பறந்தது. இரண்டு தரம் கீழ் வீட்டு உடுப்புக்கொடியில் போய் விழுந்தாள், அடுத்த முறை எழும்பிவிட்டாள். நீங்கள் சொன்னபடி மகளின் முகத்தைத்தான் பார்த்தேன். வாயை ஆவென்று திறந்து, இரண்டு கையையும் விரித்து, நுனிக்காலில் நின்றாள். அவளைத்தான் யாரோ தூக்கிப் போட்டதுபோல இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மற்றதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. புதன்கிழமை அருந்ததியோடு பொலிஸ் மைதானத்துக்குப் போனோம். உங்கள் நல்ல குணத்துக்குச் சாட்சி சொல்ல கனகேஸ்வரி அக்காவும் வந்தார், இஸ்திரி போட்ட சீலையோடு. கறுப்பி மரத்தைச் சுற்றி அழகாக வந்து இறங்கினாள். பொலிஸ்காரர்கள் சிரித்துக் கைதட்டினார்கள். பெரிய ஐயா சிங்களத்தில் என்னிடம் இதை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டார். விளையாடுவோம், அவ்வளவுதான் என்றேன்.

அதோடு முடிந்திருக்கும். அக்கா இரண்டடி முன்னுக்கு வந்தார். "விளையாட்டு மட்டும் இல்லை ஐயா. வருசா வருசம் நோன்பு திறக்கிற நேரம் இந்தக் கறுப்பிதான் என்ர பல்கனிக்குப் பேரீச்சம்பழம் கொண்டு வாறது. பஸீஹா சின்னச் சின்னத் துணிப்பை தைச்சுக் கட்டிவிடுவா. ஒரு நாளும் குறி தப்பினதில்லை." அவ்வளவு பெருமையாகச் சொன்னார். உங்களைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நினைப்பு.

பக்கத்தில் நின்றவர் அதைச் சிங்களத்தில் மாற்றிச் சொன்னதும் கைதட்டின கைகள் எல்லாம் கீழே இறங்கின. எவ்வளவு பாரம் தூக்கும் என்று கேட்டார்கள். கறுப்பியின் காலில் சின்னக் கல்லைக் கட்டினார்கள், பிறகு அதைவிடப் பெரிய கல்லை. பாவி, அவள் எல்லாவற்றையும் தூக்கினாள். எழுதிக்கொண்டார்கள். அக்காவிடமும் கையெழுத்து வாங்கினார்கள். பிணை கிடையாது.

அவரோடு நான் கதைப்பதில்லை. கதைக்கவும் மாட்டேன். அந்த வாயை ஒரு நிமிடம் மூடிக்கொண்டிருந்தால் நீங்கள் இன்று வீட்டில் இருந்திருப்பீர்கள்.

பஸீஹா


14.09.2019

அன்பு பஸீஹா,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. வாசித்ததும் எனக்கு வந்த முதல் யோசனை என்ன தெரியுமா? பெரிய கல்லையுமா தூக்கினாள்? நான் செய்தது அவ்வளவு தூக்காது. நீ என்னைவிட நன்றாகச் செய்திருக்கிறாய். இதை எழுதியிருக்கக் கூடாது, வாசிக்கும் ஐயா மன்னிக்க வேண்டும்.

அக்காவோடு கோபிக்காதே. அவர் சொன்னதில் பொய் எது? எனக்கு நல்லது செய்யத்தான் வந்தார். நம் கெட்ட காலம், நடந்த நல்லதுதான் குற்றமாகத் தெரிகிறது. டிசம்பரில் நீதிமன்றத்துக்கு அவரைக் கூப்பிடுவார்கள். என் எதிர்த்தரப்புச் சாட்சி என்று தனியே வர விடாதே. அங்கே படி அதிகம். நீயே கையைப் பிடித்து ஏற்றிக் கொண்டு வா. இது என் ஆசை என்று வைத்துக்கொள்.

உன்,
அலவி


வெள்ளவத்தை,
22.12.2019

ருஷ்தாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இது அருந்ததியின் கையில் வருகிறது, வேறு யாரும் வாசிக்க மாட்டார்கள். வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

நீங்கள் சொன்னபடி அக்காவின் கையைப் பிடித்துத்தான் கூட்டி வந்தேன். ஆட்டோவில் ஏறியதும், "பையள் எல்லாத்தையும் அடுப்பிலை போட்டிட்டன் பிள்ளை, நீ பயப்பிடாதை" என்றார். நான் தைத்த அந்தத் துணிப்பைகளை அவர் ஒன்றையும் எறியாமல் வைத்திருந்தார். ஒன்றில் திருநீறு, ஒன்றில் மருந்துக் குளிசை, ஒன்றில் மகன் உமாசுதனின் பால்பல். ஏன் எரித்தார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. சாட்சிக்கூண்டில் ஏறி, "அலவித் தம்பி செய்தது பறந்ததை நான் கண்டதேயில்லை. அண்டைக்கு ஏதோ மாறிச் சொல்லிப்போட்டன்" என்று சொன்னபோதுதான் விளங்கியது. நீங்கள் தலையைக் குனிந்ததைக் கண்டேன்.

அவர் முதலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலத்தையே எடுத்து வாசித்தார்களே, பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. பொய்ச் சாட்சி என்று அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். சொல்லிக் கொடுத்தது நான்தான் என்று எழுதியிருக்கிறார்களாம். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், ஏன் அக்கா இப்படிச் செய்தீர்கள் என்று. "உமாசுதனைப் பிடிச்ச காலத்திலை உண்மையைச் சொன்னால் விடுவாங்கள் எண்டு எல்லாத்தையும் சொன்னனான். மூண்டு வருசம் வச்சிருந்தவங்கள். இந்த முறையும் வாய் திறந்து இன்னொருத்தியின்ர பிள்ளையைக் குடுக்கட்டோ?" என்றார். அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். நான் கதைக்காமல் இருந்த மாதங்கள் முழுக்க அந்த மனுஷி இதைத்தான் யோசித்திருக்கிறார்.

இப்போது உமாசுதன் கனடாவிலிருந்து தினமும் என்னை ஏசுகிறார். வழக்கு முடியும்வரை தாயை நாட்டை விட்டு வெளியே விட மாட்டார்களாம். அக்கா பல்கனிக் கதவைத் திறப்பதில்லை.

அடுத்த தவணையில் ருஷ்தாவையும் கூப்பிட்டு விசாரிக்கக்கூடும் என்று அருந்ததி சொன்னார். அதைச் சொன்ன நாளிலிருந்து மகளைப் பழக்குகிறேன். இதை உங்களுக்கு எழுத என் கை கூசுகிறது. நேற்றும் கேட்டேன்.

"வாப்பா கறுப்பியைப் பறக்க விட்டாரா, மகள்?"

"இல்ல உம்மா. அது அலுமாரியிலதான் இருந்த."

"எதிர்வீட்டுக்கு ஏதும் கொண்டு போச்சா?"

"இல்ல. அது பறக்காத சாமான்."

முகத்தைப் பார்த்து எழுதச் சொல்லியிருந்தீர்கள். பார்த்தேன். ஒன்றும் இல்லை. கை மடியில் அசையாமல் கிடக்கிறது. எவரும் நம்புவார்கள்.

நீங்கள் வெளியே வந்தால், இன்ஷா அல்லாஹ் வருவீர்கள், அவளிடம் கறுப்பியைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். அவளுக்கு இப்போது உண்மையாகவே ஞாபகம் இல்லை என்று நினைக்கிறேன்.

பஸீஹா